கடைசி வாய்த் தீர்த்தம்

நம்முடைய வீடுகளில் கங்கைச் சொம்பு என்று ஒன்று இருக்கும். பூஜை அலமாரியின் மூலையில், மூடியைச் சுற்றி ஈயப் பற்று வைத்து அடைத்த சின்னஞ்சிறு செப்புச் சொம்பு. என்றைக்கோ காசிக்குப் போன பாட்டனாரோ பாட்டியோ கொண்டுவந்து வைத்தது. தாகத்துக்கு அதை யாரும் திறப்பதில்லை, ஜுரத்துக்கும் திறப்பதில்லை. டாக்டர் கையை விரித்து, "சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்று ஒதுங்கிக்கொண்ட பிறகுதான் ஈயம் உடைபடும். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, வாயில். அப்புறம் அவர் போய்விட்டால் தீர்த்தத்தின் பேரில் யாரும் குறை சொல்வதில்லை. தப்பித் தவறிப் பிழைத்துக்கொண்டால் "ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போகிறார்கள்.

வைத்திய உலகமும் இப்படி ஒரு சொம்பை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். கதாசிரியனுக்குத் தெரிந்த பேஜ் வேறு, அதற்கு நம்பர் போட்டு எண்ணிக் காசு வாங்குவான். இது கிருமியைத் தின்னும் கிருமி. நோய் உண்டாக்கும் பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, தன் வித்தை உள்ளே செலுத்தி, அதன் வயிற்றிலேயே குஞ்சு பொரித்து, அதை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வருகிற மகா நுண்ணிய வைரஸ். ஆற்றிலும் குளத்திலும் சாக்கடையிலும் கோடானுகோடியாக இருக்கிறது. மனிதனைத் தொடுவதில்லை, அதற்கு வேண்டியது பாக்டீரியாதான், அதிலும் தனக்கென்று வாய்த்த ஒரு ஜாதி பாக்டீரியா.

இருதய வால்வில் கிருமி பற்றிக்கொண்டவர்களுக்கு, ஆன்டிபயாடிக் மருந்தோடு இந்த ஃபேஜையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்பது கேள்வி. கேள்வி புதிதல்ல. ஆனால் இதுவரை பெரும்பாலும் அதற்குக் கிடைத்த விடை, "எல்லாம் தோற்றுப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான். அந்த விடையோடுதான் எனக்குச் சண்டை.

எனக்கு வேண்டிய டாக்டர் ஒருவர், நான் இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் சிரித்தார். "நீங்க கதை எழுதறவர். ருஷ்யாக்காரன் நாட்டு வைத்தியத்துக்கெல்லாம் எதுக்கு வக்காலத்து வாங்கறீங்க?" என்றார். நல்ல மனுஷர், என் குடும்பத்துக்கே வைத்தியம் பார்ப்பவர். அவருக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நோயைச் சொல்ல வேண்டும். இருதயத்தில் நாலு வால்வு. ரத்தம் வந்த வழியே திரும்பாமல் தடுக்கிற கதவுகள். சிறு பிராயத்தில் மூட்டு வலியோடு வந்து போன ஒரு ஜுரம் அவற்றைக் கரடு தட்டச் செய்திருக்கலாம். பிறவியிலேயே கோணலாக இருக்கலாம். செயற்கை வால்வு பொருத்தியிருக்கலாம். பல்லின் ஈறு வழியாகவோ, தோலில் ஒரு காயத்தின் வழியாகவோ, ஊசிக் குழாயின் வழியாகவோ ரத்தத்தில் புகுந்த பாக்டீரியா அந்தக் கரடில் உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சுற்றி ரத்தம் உறைகிறது. உறைந்ததற்குள் கிருமி பெருகுகிறது, அதன் மேல் இன்னும் உறைகிறது. சுவரில் குளவி கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படி. கதவிலேயே கூடு, கதவோ நிமிஷத்துக்கு எழுபது தடவை திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. கூட்டிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்தால் அது நேரே மூளைக்குப் போகலாம், சிறுநீரகத்துக்குப் போகலாம். இந்தக் கூட்டுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. உடம்பின் காவற்காரர்களான வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைய வழியில்லை. மருந்து மெள்ள மெள்ளக் கசிந்துதான் போக வேண்டும். போனாலும் உள்ளே கிருமிகள் பாதி உறக்கத்தில் இருக்கின்றன. வளர்கிற கிருமியைக் கொல்லத் தெரிந்த மருந்துக்கு உறங்குகிற கிருமியைக் கொல்லத் தெரிவதில்லை. ஆகவேதான் நாலு வாரம், ஆறு வாரம் என்று ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கிறது. இத்தனையும் செய்தும் ஐந்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோகிறார். வருஷம் திரும்புவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இது ஏதோ பஞ்ச காலத்துக் கணக்கல்ல. நல்ல ஆஸ்பத்திரிகள் உள்ள பணக்கார தேசங்களின் இன்றையக் கணக்கு.

ஐந்தில் ஒருவர் சாகிற இடத்தில், "இருக்கிற மருந்து போதும்" என்று சொல்ல ஒருவருக்கு மனசு வருமா? வருகிறது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

வில்லியம் ஆஸ்லர் 1885ல் லண்டனில் இந்த நோயைப் பற்றிப் பிரசங்கம் செய்த காலத்தில் இது வந்தால் சாவு நிச்சயம். பெனிசிலின் வருகிற வரையில் அப்படித்தான் இருந்தது. பெனிசிலின் வந்தது, வந்தவுடன் என்ன நடந்தது தெரியுமா? யுத்த காலம். மருந்துக்குப் பஞ்சம். சொட்டுச் சொட்டாக, சில நாளைக்கு மட்டும், வால்வு நோயாளிகள் பதினேழு பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் படு மோசம். 1943ல் அமெரிக்காவில் பெனிசிலினைப் பங்கிட்டுக்கொண்டிருந்த கமிட்டி, "இந்த நோய்க்குப் பெனிசிலின் பிரயோஜனமில்லை, இதில் விரயம் செய்யக் கூடாது" என்ற முடிவுக்கு வந்தது. சிப்பாய்கள் காத்திருக்கும்போது நிச்சயம் சாகப் போகிறவனுக்கு எதற்கு மருந்து? நியாயமாகத்தான் தோன்றியது. புரூக்ளினில் லியோ லோவி என்று ஒரு டாக்டர். அவர் கேட்கவில்லை. அதே ஊரில் பெனிசிலின் தயாரித்துக்கொண்டிருந்த ஃபைசர் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவரைப் பிடித்து, மருந்தைப் பெற்று, மற்றவர்கள் கொடுத்ததைவிடப் பல மடங்கு அளவில், ராப்பகலாக, வாரக் கணக்கில் ஏற்றினார். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினையும் சேர்த்துக் கொடுத்தார். 1944ல் அவர் பிரசுரித்த கட்டுரையில் வரிசையாக ஏழு பேர், ஏழு பேரும் பிழைத்தவர்கள். ஹெப்பாரினைப் பிற்பாடு விட்டுவிட்டார்கள். ஆனால் சாவு நிச்சயம் என்ற தீர்ப்பு அன்றோடு ரத்தாயிற்று.

கமிட்டி பொய் சொல்லவில்லை. அரைகுறையாகக் கொடுத்தார்கள், அரைகுறையாகப் பலித்தது, அதை மருந்தின் குணம் என்று எழுதி வைத்தார்கள். டாக்டர் நண்பரே, இன்றைக்கு ஃபேஜின் பேரில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பும் இதே ஜாதிதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். மருந்தோடு மருந்து சேர்ப்பது இந்த நோய்க்குப் புதிதா? என்டரோகாக்கஸ் என்ற கிருமி வால்வில் ஏறினால் பெனிசிலின் தனியாக அதைக் கொல்வதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் தனியாகவும் கொல்வதில்லை. இரண்டும் சேர்ந்தால் கொல்கின்றன. ஒன்று சுவரை இடிக்க, இடித்த வழியே மற்றது நுழைகிறது. 1950ஐ ஒட்டிய வருஷங்களிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். இன்றைக்கும் அந்தக் கிருமிக்கு ஜோடியாகத்தான் மருந்து. ஆக, இருதய வால்வு வைத்தியத்துக்குக் கூட்டு விருந்து பழக்கமானதுதான். அந்தப் பந்தியில் ஃபேஜ் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஏன் இத்தனை முகச் சுளிப்பு?

முகச் சுளிப்புக்குக் காரணம் ஃபேஜின் பூர்வ கதை. அதில் நம் தேசமும் சம்பந்தப்பட்டிருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். 1896ல் ஆக்ராவில் இருந்த ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கங்கை, யமுனை ஜலத்தில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப் போகிறது, அந்த ஜலத்தைக் காய்ச்சிவிட்டால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று எழுதினார். இதைக் கேட்டதும் நம்மவர்களில் சிலருக்கு மார்பு விம்மும். "பார்த்தாயா, நம் முன்னோர்களுக்கு அன்றைக்கே தெரியும்" என்று கிளம்பிவிடுவார்கள். தயவு செய்து உட்காருங்கள். அதே கங்கைக் கரையில் அதே முன்னோர்கள் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆற்றில் என்ன இருக்கிறது என்பது வேறு, அதை எடுத்து மருந்தாக்கத் தெரிவது வேறு. ஹான்கினே அதை ஃபேஜ் என்று சொல்லவில்லை, சொல்லியிருக்க முடியாது. 1915ல் டுவார்ட் என்ற ஆங்கிலேயர் அதை முதலில் கண்டு எழுதினார். 1917ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த டெரெல் தாமும் கண்டு, பெயர் வைத்து, அதுவே தம் வாழ்க்கை என்று கிளம்பினார்.

டெரெல் 1927ல் இந்தியாவுக்கும் வந்தார், காலராவுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்க்க. பாட்னாவில் அஷெஷாவ் என்பவர் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அஸ்ஸாமில் மாரிஸன் என்ற ராணுவ டாக்டர் ஒரு ஜில்லாவுக்கு ஃபேஜ் கொடுத்து, இன்னொரு ஜில்லாவை ஒப்பிட்டுப் பார்த்தார். பலன் இருந்தது என்றார்கள். ஐயம் தீரும்படி யாராலும் காட்ட முடியவில்லை. டிபிலிசி நகரத்தில் எலியாவா என்ற ஜார்ஜியர் 1923ல் ஆரம்பித்த ஸ்தாபனத்துக்கு டெரெல் போய் வேலை செய்தார். ஆனால் 1937ல் எலியாவாவை ஸ்டாலின் சர்க்கார் சுட்டுக் கொன்றுவிட்டது. ஸ்தாபனம் மட்டும் பிழைத்தது, இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் கம்பெனிகள் ஃபேஜைப் புட்டியில் அடைத்துக் கண்டதற்கெல்லாம் விற்றன; புட்டிக்குள் உயிருள்ள ஃபேஜ் இருந்ததா என்பதே சந்தேகம். 1934ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்த அறிக்கை, வந்த சான்றுகளை அலசிப் பார்த்துப் பெரும்பாலானவை நம்பத் தக்கவை அல்ல என்று சொல்லிவிட்டது. பின்னாலேயே பெனிசிலின் வந்தது. மேற்கே கடையைக் கட்டினார்கள். கிழக்கே டிபிலிசியிலும் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபிலும் மட்டும் அடுப்பு அணையாமல் இருந்தது. அதனால்தான் என் டாக்டர் நண்பருக்கு அது "ருஷ்யாக்காரன் நாட்டு வைத்தியம்".

இந்த இடத்தில் ஒரு நாவல் ஞாபகத்துக்கு வருகிறது. ஸிங்க்ளேர் லூயிஸ் 1925ல் எழுதிய 'அரோஸ்மித்'. கதாநாயகன் டாக்டர். பிளேக் பரவிய தீவுக்கு ஃபேஜை எடுத்துக்கொண்டு போகிறான். பாதி ஜனங்களுக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல், இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று குருவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். கண் முன்னே ஜனங்கள் செத்து விழுகிறார்கள். அவன் மனைவியே செத்துப் போகிறாள். மனசு உடைந்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறான். தீவு அவனை வீரன் என்று கொண்டாடுகிறது; ஃபேஜ் வேலை செய்ததா என்று அவனுக்கே தெரியாது. நாவலாசிரியர்கள் எத்தனையோ புளுகுவோம். லூயிஸ் இந்த ஒரு விஷயத்தில் புளுகவில்லை. நூறு வருஷமாக ஃபேஜ் வைத்தியத்தைப் பிடித்திருக்கும் சனி அதுதான்: சாகிறவனுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒப்பிட ஆள் இல்லாமல் நிற்பது. இரக்கத்தால் செய்கிறார்கள். அந்த இரக்கம் அடுத்த நோயாளிக்கு உதவாமல் போகிறது.

சரி, சேர்த்துக் கொடுத்தால் பலன் வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? ஸ்விட்சர்லாந்தில் லோஸான் சர்வகலாசாலைக்காரர்கள் 2017ல் பிரசுரித்த பரீட்சை ஒன்று. எலிகளின் இருதய வால்வில் சூடோமோனாஸ் கிருமியை ஏற்றினார்கள். ஃபேஜ் மட்டும் கொடுத்தார்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் மட்டும் கொடுத்தார்கள். இரண்டும் தனித் தனியே கிட்டத்தட்ட ஒரே அளவு வேலை செய்தன: முந்நூறு கிருமிக்கு ஒன்று மிஞ்சியது என்று சொல்லலாம். சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்கு வாரிக்கொண்டு போயிற்று. பதினோரு எலிகளில் ஏழின் வால்வில் கிருமியே இல்லை. கணக்குப் பாடத்தில் நான் சூரனல்ல. ஆனால் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகாமல் இருபதாவதை நானும் பார்க்க முடிகிறது. 2022ல் அதே ஆராய்ச்சியாளர்களில் சிலர், வால்வு நோயில் பெரிய வில்லனான ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே குறைந்த அளவு ஃப்ளூக்ளாக்ஸசிலினோடு ஃபேஜைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கும் அதே கதை.

இதிலே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஃபேஜிடமிருந்து தப்புகிற கிருமியின் கதி. கிருமி சும்மா இருக்குமா? ஃபேஜ் ஒட்டிக்கொள்கிற இடத்தையே மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். ஆனால் அந்த இடம் அதற்கு வேறு ஒரு காரியத்துக்கு வேண்டியதாக இருக்கும். லோஸான்காரர்களின் சோதனைக் குழாயில் தப்பிய கிருமிகள் (எலிகளில் அப்படித் தப்பியவை தென்படவில்லை), தப்புவதற்காகத் தங்கள் மேலிருந்த நுண்ணிய ரோமங்களின் இயக்கத்தைக் கெடுத்துக்கொண்டன. அதனால் மறுபடி நோய் உண்டாக்கும் வலுவையும் இழந்தன. யேல் சர்வகலாசாலையில் கண்டெடுத்த ஒரு ஃபேஜ் இன்னும் சமர்த்து. கனெக்டிகட் மாகாணத்தில் டாட்ஜ் குளம் என்று ஒரு குளம். அந்தத் தண்ணீரில் கிடைத்தது. சூடோமோனாஸ் கிருமி தன்னுள் நுழையும் ஆன்டிபயாடிக்கை வெளியே இறைத்துவிட ஒரு பம்பு வைத்திருக்கிறது. இந்த ஃபேஜ் அந்தப் பம்பின் வாயைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது. பம்பை வைத்துக்கொண்டால் ஃபேஜ் கொல்லும். பம்பை விட்டெறிந்தால் ஆன்டிபயாடிக் கொல்லும். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயில் வைத்துத் தைத்த செயற்கைக் குழாயில் இந்தக் கிருமி பற்றி, வருஷக் கணக்கில் அவஸ்தைப்பட்டு, ஆபரேஷனுக்கும் லாயக்கில்லை என்று விடப்பட்ட ஒருவருக்கு, 2016 ஜனவரியில் செஃப்டாஸிடிமோடு சேர்த்து இதைச் செலுத்தினார்கள். பிற்பாடு ஆன்டிபயாடிக்கை நிறுத்திய பிறகும் அந்தக் கிருமி திரும்பவில்லை என்று 2018ல் எழுதினார்கள்.

ஒருவர்தானே என்பீர்கள். ஒருவர்தான். அதனால்தான் சிட்னிக்குப் போகிறேன். அங்கே வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஸ்டாபிலோகாக்கஸ் ரத்தத்தில் ஏறிக் கடுமையாக நோயுற்ற பதின்மூன்று பேருக்கு, அவர்களில் வால்வு நோயாளிகளும் உண்டு, வழக்கமான மருந்தோடு மூன்று ஃபேஜ் கலந்த மருந்தைத் தினம் இரண்டு வேளை, பதினான்கு நாள் ரத்தத்திலேயே ஏற்றினார்கள். 2020ல் விவரம் வெளியாயிற்று. ஃபேஜால் ஒருவருக்கும் கெடுதி வரவில்லை. சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். எத்தனை பேரை ஃபேஜ் காப்பாற்றியது? சொல்ல முடியாது, ஒப்பிட ஆளில்லை. மறுபடி அரோஸ்மித்!

பெல்ஜியத்தில் ராணி ஆஸ்ட்ரிட் பெயரால் உள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்காரர்கள் 2008லிருந்து 2022வரை பன்னிரண்டு தேசங்களில் முப்பத்தைந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஃபேஜ் கொடுத்து உதவிய முதல் நூறு கேஸ்களை 2024ல் ஒன்றுவிடாமல் கணக்குக் கொடுத்தார்கள். 77 சதவிகிதம் பேருக்கு நிலைமை சீர்ப்பட்டது. 61 சதவிகிதம் பேருக்குக் குறிவைத்த கிருமி அடியோடு போயிற்று. இதைவிட முக்கியம் அதே கணக்கில் இன்னொரு வரி: ஆன்டிபயாடிக் இல்லாமல் ஃபேஜை மட்டும் கொடுத்தவர்களுக்குக் கிருமி ஒழிகிற வாய்ப்பு 70 சதவிகிதம் குறைவு. "ஆன்டிபயாடிக்கைத் தூக்கி எறியுங்கள், இயற்கை வைத்தியம் வந்துவிட்டது" என்று துண்டுப் பிரசுரம் போடுகிறவர்களும் இந்த வரியைப் படிக்க வேண்டும். அவர்களும் என் கட்சி அல்ல.

என் டாக்டர் நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவரல்ல. "எக்ஸெபகேஸ் என்ன ஆச்சு?" என்றார். சரியான அடி. ஃபேஜ் கிருமியின் சுவரை உடைக்கப் பயன்படுத்தும் ரசத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த மருந்து அது. ஸ்டாபிலோகாக்கஸ் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். சிறிய பரீட்சையில் ஆசை காட்டிற்று; பெரிய பரீட்சையில் பயனில்லை என்று 2022ல் நிறுத்திவிட்டார்கள். மறுக்கவில்லை. ஆனால் ரசம் வேறு, ஃபேஜ் வேறு. ரசம் செலவழிந்து போகும், ஃபேஜ் கிருமி இருக்கும்வரை தானே பெருகும். இன்னொன்றும் பாருங்கள்: பயனில்லை என்று எப்படித் தெரிந்தது? ஒப்பிட்டுப் பார்த்ததனால் தெரிந்தது. அந்தத் தோல்வி எனக்கு டிபிலிசியின் நூறு வெற்றிகளைவிடப் பெரிதாகப் படுகிறது. அப்படி ஒரு தோல்வியடையும் உரிமையைத்தான் ஃபேஜுக்கும் கேட்கிறேன்.

வேறு சிக்கல்களும் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. எல்லா ஆன்டிபயாடிக்கும் ஃபேஜோடு ஒத்துப்போவதில்லை. கிருமியின் தயாரிப்பு வேலையையே நிறுத்துகிற மருந்துகளைச் சேர்த்தால், அதே பட்டறையை நம்பி வந்த ஃபேஜும் வேலையின்றி நிற்கும். உடம்பு ஃபேஜை அந்நியன் என்று கண்டு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். சரக்கு கெட்டுப்போகும்: தீக்காயப் புண்களுக்கு ஐரோப்பாவில் நடந்த ஃபேஜோபர்ன் என்ற பரீட்சையில் புட்டியிலிருந்த ஃபேஜ் நாளாவட்டத்தில் வீரியம் இழந்து, நோயாளிகளுக்குப் போனது உத்தேசித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு பலிக்கவில்லை என்றால் எப்படிப் பலிக்கும்? எந்த ஜோடி, எந்த அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் வால்வு நோயாளிகளிடமே, நோயின் முதல் வாரத்திலேயே, பாதிப் பேருக்கு ஃபேஜும் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீருமாக, எல்லோருக்கும் முழு ஆன்டிபயாடிக்கோடு கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. வழக்கமான மருந்து எல்லோருக்கும் போகிறது. அரோஸ்மித்துக்கு இல்லாத சௌகரியம் இது. அவன் தீவில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. ஸ்டாபிலோகாக்கஸ் ரத்தத்தில் ஏறியவர்களுக்கு இந்த மாதிரி ஒரு சிறு பரீட்சை அமெரிக்காவில் நடந்து, முடிவு ஃபேஜுக்கு அனுகூலம் என்று 2025ல் அதை நடத்திய கம்பெனி அறிவித்தது. விற்கிறவன் வாக்கு என்று தள்ளுபடி போட்டுக்கொண்டே கேட்டாலும், வழி அதுதான்.

நம் ஊருக்கு வருகிறேன். ஃபேஜ் கொடுக்க வேண்டுமானால் இன்ன கிருமி என்று தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, அந்த நோயாளியின் கிருமியே உயிரோடு கையில் வேண்டும், அதன் மேல் ஃபேஜை விட்டுப் பார்க்க. மருந்து தொடங்குவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தில்தான் அது சுலபமாகக் கிடைக்கும். நாம் என்ன செய்கிறோம்? எங்கள் தெருவில் ஒரு பாட்டு டீச்சர். செயற்கை வால்வு வைத்தவர். சாயங்கால ஜுரம் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு மூன்று நாள் மாத்திரை. ஜுரம் விட்டது, பத்தாம் நாள் திரும்பியது. வேறு மாத்திரை, ஐந்து நாள். மறுபடி விட்டது, மறுபடி வந்தது. ஒன்றரை மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது எத்தனை முறை ரத்தம் எடுத்தும் கிருமி வளரவில்லை. அரைகுறையாகக் கொன்றதில் சாட்சி செத்துவிட்டது, குற்றவாளி வால்வில் உட்கார்ந்திருக்கிறான். உத்தேசமாக ஆறு வாரம் மருந்து ஏற்றினார்கள். அதற்குள் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டது. அந்த அம்மாளுக்குத் தாளம் போடும் கை இப்போது மடியிலேயே கிடக்கிறது. ஃபேஜ் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. உலகத்திலுள்ள அத்தனை ஃபேஜும் வாசலில் வந்து நின்றிருந்தாலும், எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரியாமல் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது என்கிறேன். வால்வுக் கோளாறு உள்ளவருக்கு ஜுரம் வந்தால், மாத்திரைக்கு முன்னால் ரத்தம். இந்த ஒரு வழக்கத்துக்கு யேலும் வேண்டாம், லோஸானும் வேண்டாம்.

"எல்லாம் சரி, யார் பணம் போடுவது?" என்பது நண்பரின் கடைசிக் கேள்வி. குளத்துத் தண்ணீரில் கிடைப்பதற்கு ஏகபோக உரிமை வாங்குவது கஷ்டம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு சரக்கு. இதில் கம்பெனிக்கு லாபம் எங்கே? வாஸ்தவம். ஆனால் பெனிசிலினை வால்வு நோயாளிகளுக்கு எட்ட வைத்ததும் கம்பெனியின் லாபக் கணக்கு மட்டுமல்லவே. சர்க்காரின் யுத்த காலப் பணமும் அதன் பின்னால் இருந்தது. காசி இந்து சர்வகலாசாலையில் ஆறாத புண்களுக்கு ஃபேஜ் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்; கங்கைக் கரையிலேயே ஆளும் இருக்கிறது, ஆய்வுக் கூடமும் இருக்கிறது. வால்வு நோயாளிகளோ, மூட்டு ஜுரம் இன்னும் ஒழியாத இந்தத் தேசத்தில், குறைவில்லை. "ஒரே ஆஸ்பத்திரியில் பரீட்சைக்குப் போதுமான பேர் சேர மாட்டார்களே" என்றார் அவர். ஒரே ஆஸ்பத்திரியில் எதற்கு? பெல்ஜியத்துக்காரர்கள் முப்பத்தைந்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே ஒரு பத்து ஆஸ்பத்திரிகள், வால்வு நோயாளிகளின் கிருமியைத் தூர ஊற்றாமல் பெயரிட்டுக் குளிர்பெட்டியில் வைக்க ஆரம்பிக்கட்டும். அதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.